நாலு விரக்கடை

அன்புள்ள மாப்பிள்ளை தனகோடி அவர்களுக்கு, நெய்வேலியில் மகன் குவார்ட்டர்ஸிலிருந்து மச்சான் நல்லசாமி சொல்ல, மருமகள் புவனா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் மகள் விஜயலட்சுமிக்குக் காது குத்திய வருஷம், பக்கத்து வீட்டு இன்னாசிமுத்து சுரங்கத்தில் கான்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆன வருஷம், கம்மாபுரத்தில் பொங்கலுக்குக் கபடி வைத்தார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். நான் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் பாய்ந்து நடுக்கோட்டில் கை வைத்தேன். நடுவர் நீங்கள். "நாலு விரக்கடை எட்டல" என்று விசில் ஊதினீர்கள். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. தங்கச்சியைப் பார்க்க வந்தாலும் தண்ணீர் பாட்டிலோடுதான் வருகிறேன்.

போன ஞாயிறு இன்னாசியின் பேரன் ஜெரால்டு, சென்னையில் வீடியோ கேம் செய்கிறவன், ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஹோலோகிராமாம். கண்ணுக்கு எதுவும் மாட்ட வேண்டாம். சாண் உயர ஆட்கள் உள்ளே நின்று கபடி ஆடுகிறார்கள், நாம் நகர்ந்தால் அவர்கள் விலாப்பக்கமும் தெரிகிறது. ஒருவன் என்னைப் போலவே பாய்ந்து கோட்டருகே விழுந்தான், நான் அவன் கையைக் கொஞ்சம் இழுத்துவிடப் போய், விரல் கண்ணாடியில் இடித்து, காபி டம்ளர் சோபாவில் கவிழ்ந்து, இன்னாசியின் மருமகள் மரியபுஷ்பம் "ஐயோ பெரியப்பா, உள்ள ஆளே இல்ல!" என்று கத்த, இன்னாசி சொல்கிறான்: "அவன் இன்னா செய்வான், நாப்பது வருசமா அந்தக் கோட்டத்தான் தொட்டுகினு இருக்கான்."

அதற்குள் ஜெரால்டு ஆட்டத்தை அப்படியே நிறுத்தியிருந்தான். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் விழுந்தவன் கை கோட்டின் மேல். மேசையின் அந்தக் கோடியிலிருந்து இன்னாசி, "தொடலடா, சந்து தெரியுது" என்றான். சண்டைக்குத்தான் எழுந்து போனேன். போய்ப் பார்த்தால் சந்து தெரிந்தது. அந்த ஆள் அளவுக்கு நாலு விரக்கடைதான்.

அன்று நீங்கள் நின்றதும் அந்தக் கோடியில்தானே, மாப்பிள்ளை. நீங்கள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆகவே தையில் உங்கள் பேத்தி சங்கீதா கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருவேன். பாயசம் இரண்டு தரம் வேண்டும். பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் முட்டியையும் என் முட்டியையும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நல்லசாமி (கைநாட்டு)

பி.கு.: கைநாட்டு மை காய்வதற்குள் ஜெரால்டு ஓடிவந்தான். அன்று நிறுத்திய ஆட்டத்தை இன்றுதான் ஓடவிட்டானாம்; கை கோட்டைத் தொட்டதென்று பெட்டியே மூன்று பாயின்ட் கொடுத்துவிட்டதாம்! ஆகையால் மேலே எழுதியது எதுவும் செல்லாது. பாட்டிலோடுதான் வருவேன். "பொட்டி எதுக்கு மாமா, அன்னைக்குப் பாத்தவங்களக் கேளுங்களேன்" என்கிறாள் புவனா. கோட்டுக்கு நேரே உட்கார்ந்திருந்த ஜெயராமனும் போய்ச் சேர்ந்துவிட்டான், சிங்காரவேலும் போய்ச் சேர்ந்துவிட்டான். விஜயலட்சுமியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவள் ஒருத்திதான் மிச்சம். இத்தனை வருஷத்தில் நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு இலை போடுவதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும், என் தங்கச்சி செங்கமலம்.