டெல்மர் வீட்டுச் சாலையின் அசல் சேறு

ஓட்டுப் போடுவது குடிமகனின் தலையாய கடமை. எங்கள் ஓக்லஹோமாவில் அந்தக் கடமையை இரண்டு தடவை ஆற்ற வேண்டும். ஜூன் மாதம் கட்சிக்குள்ளேயே யார் வேட்பாளர் என்று தேர்ந்தெடுக்க ஒரு தடவை; நவம்பரில், ஜூனில் ஜெயித்தவருக்கு வாழ்த்துச் சொல்ல இன்னொரு தடவை. எங்கள் பக்கத்தில் குடியரசுக் கட்சியை விட்டால் வேறு கட்சி கிடையாது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இருந்தார், பல் டாக்டர், தங்கமான மனுஷன். டென்வருக்குக் குடிபோய்விட்டார். அதிலிருந்து எங்களுக்குப் பல்வலிதான் உண்டே தவிர கருத்து வேறுபாடு கிடையாது.

என் பக்கத்துப் பண்ணைக்காரர் டெல்மர் ஹட்சன்ஸ் பரம்பரைப் பழமைவாதி. அரசாங்கம் எதிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வருகிற செம்மண் சாலையில் மட்டும் கொஞ்சம் நுழைக்கலாம், நுழைக்கும்போது கையோடு சரளைக் கல்லும் கொண்டுவரலாம் என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

காரணம் இருந்தது. மார்ச் மழையில் அவர் மனைவி ஒலீட்டா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பிய ஆம்புலன்ஸ் பாதி வழியில் புதைந்துவிட்டது. டெல்மர் டிராக்டரைக் கொண்டுபோய் இழுத்தார். உள்ளே படுத்திருந்த ஒலீட்டா, "முதல் கியர்லயே போய்யா! மாத்தினா மறுபடி உக்காந்துடும்!" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கத்திக்கொண்டே போனாள்.

சாலை அலுவலகத்தில் போய்க் கேட்டார் டெல்மர். அதிகாரி மிகுந்த மரியாதையோடு விளக்கினார்: "மேற்படி சாலை பழுதடையவில்லை ஐயா. இயற்கை நிலையில் பேணப்பட்டு வருகிறது. வேறு அபிப்பிராயம் இருந்தால் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கவும்."

உறுப்பினர் ஓய்வு பெற்று மீன் பிடிக்கப் போயிருந்தார். அந்த இடத்துக்குத்தான் தேர்தல்.

"இதோ பாரு டெல்மர்," என்றாள் ஒலீட்டா, ஊன்றுகோலைத் தரையில் தட்டி. "இந்தத் தடவை ரோடு போடறவங்களுக்கு ஓட்டுப் போடு. இல்லேன்னா நான் டல்சாவுக்கு அக்கா வீட்டோட போயிடறேன். விளையாட்டுக்குச் சொல்லல. இன்னொரு தடவை சேத்துல சிக்கிக்கிட்டுக் கெடக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே வீட்டில் தனியாக இருக்க முடியாமல் தவித்தவர் டெல்மர்.

மறுநாளே ஒரு பெரிய டிரக் வந்தது. வேட்பாளர் பிராக் டான்ஸ்லி, வக்கீல். சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உறுமிக்கொண்டு ஓட்டினார். கதவு, கண்ணாடி எல்லாம் சேறு. இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்.

"ரோடு விஷயமா வந்தீங்களா?" என்றார் டெல்மர் ஆவலாக.

"ஆமாங்கையா! மாநிலத்துலயே இந்த மாதிரி சேறு கிடையாது. வண்டியில சேறு இல்லாதவன் நம்ம ஆளே இல்லைன்னு ஜனங்க முடிவு பண்ணிட்டாங்க. என் தெருவுல தார் போட்டுத் தொலைச்சுட்டான்."

மூன்றாம் நாள் இன்னொரு வேட்பாளர், வீடு மனை விற்கும் வேட் கிரம்லி, தன் டிரக்கோடு மைத்துனன் டிரக்கையும் கொண்டுவந்து சேற்றில் புரட்டினார். பிராக் சும்மா இருப்பாரா? வேட் வண்டியில் இருப்பது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கொண்டுவந்த டெக்சஸ் சேறு என்று ஒரு வார்த்தையைக் கிளப்பிவிட்டார். மாவட்டமே கொதித்தது. எல்லாவற்றையும் மன்னிப்போம், டெக்சஸை மன்னிப்போமா?

கட்சி உடனே மண் மெய்மை ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. குழு கூடியது, முகர்ந்தது, டெல்மரைச் சாட்சியாக அழைத்தது. இறுதியில், டெல்மர் வீட்டுச் சாலைச் சேறே அசல் என்றும், தேர்தல் முடியும்வரை அதன் தூய்மைக்கு யாதொரு பங்கமும் நேரலாகாது என்றும் தீர்மானித்தது. எத்தனையோ வருஷமாக வராத சாலை அலுவலக வண்டி அன்று மாலையே வந்து, 'சரளை கொட்டக் கூடாது' என்று பலகை நட்டுவிட்டுப் போனது.

டெல்மருக்குப் பெருமையில் நடையே மாறிவிட்டது. ஜூன் வெயிலில் சாலை காய ஆரம்பித்ததும் மாட்டுத் தொட்டியிலிருந்து குழாயைப் போட்டு அவரே நனைக்க ஆரம்பித்தார். ஜன்னல் வழியாக ஒலீட்டா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கமா இல்ல?"

"வர்றவங்க ஏமாந்து போகக் கூடாதில்ல?"

கடைசியாக வந்த வேட்பாளர் ஜனீஸ் புட்மன் என்ற பெண்மணி. சின்னக் கார், பளபளவென்று இருந்தது. அதைக் கோடியில் நிறுத்திவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டி நடந்தே வந்தார். சாலையைக் குனிந்து பார்த்தார்.

"தண்ணி வடிய ரெண்டு குழாய் பதிச்சு, மேல சரளை கொட்டினாப் போதும். குளிருக்கு முன்னாடி பண்ண வெச்சிடலாம்."

டெல்மர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"கார் கழுவற கடை வெச்சிருக்கேங்க."

"அதானே பாத்தேன்!"

மறுநாள் எல்லாக் கம்பத்திலும் சுவரொட்டி: 'சேற்றை வெறுப்பவர் மண்ணை நேசிப்பாரா?' நியாயமான கேள்விதான். நாங்கள் எல்லோரும் யோசித்தோம்.

வாக்கு எண்ணிக்கை தெரிந்தபோது நான் டெல்மர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பிராக் அமோக வெற்றி. எங்கள் வாக்குச்சாவடியில் ஜனீஸுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

ஒலீட்டாவின் பெட்டி வாசல் பக்கம் தயாராக இருந்தது. அவள் புருஷனை முறைத்தாள். "அந்த ஒண்ணு யாரோடது?"

"என்னுதுதான்! சத்தியமா!" என்றார் டெல்மர், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. அப்புறம்தான் அவருக்கு ஏதோ உறைத்தது. "ஆமா... அப்ப உன்னுது எங்க?"

ஒலீட்டா காபிக் கோப்பையை எடுத்தாள், வைத்தாள். "நீ எப்படியும் அவளுக்குத்தான் போடுவேன்னு நெனச்சேன். வீட்டுக்கு ஒண்ணு போதாதா? அவ்வளவு சுத்தமான காரைப் பாத்தா எனக்கு மனசே வரல, பாவி."

"நானும் அதையேதான்..." என்று ஆரம்பித்த டெல்மர் வாயை மூடிக்கொண்டார்.

யாரும் யாரையும் திட்ட முடியாத நிலைமை. பெட்டி உள்ளே போனது. டெல்மருக்கு முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் மழைக்கு முன்னாடி ஒலீட்டாவின் இடுப்பை எப்படி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருவது என்று இரண்டு பேரும் உடனே கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வாரக் கடைசியில் டிரக்கைக் கழுவுகிற சாக்கில் ஜனீஸ் கடைக்குப் போனேன்.

"எங்க சாவடியில உங்களுக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு..." என்று குரலைத் தாழ்த்தினேன், "என்னுதுதாம்மா."

ஜனீஸ் தண்ணீரை நிறுத்திவிட்டு, முகம் நிறையச் சிரித்தார்.

"ரொம்ப நன்றிங்க. காலையிலேருந்து நீங்க பதினோராவது ஆளு. நான் குடியிருக்கறதும் உங்க சாவடிப் பக்கம்தாங்க. என் ஓட்டும் அங்கதான்."