சவம் அண்ணாச்சியின் நாற்பது நாள்

சாத்தானோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் யாரென்று உங்களுக்கே தெரியும். இன்னொருவர் ஏரலிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றின் கண்டக்டர். தொண்ணூறுகளில் தினமும் அந்த பஸ்ஸில் ஆபீசுக்குப் போய் வந்தவன் என்ற முறையில் நானே அதற்குச் சாட்சி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ‘சவம்’ என்று சொல்லாமல் அவரால் ஒரு டிக்கெட் கிழிக்க முடியாது என்பதால் சவம் அண்ணாச்சி. "சவத்து மூதி, உள்ள போயேம்லே" என்றால் நல்வரவு என்று அர்த்தம். கோபத்தில் சொல்வதை இந்தப் பத்திரிகையில் அச்சுப் போட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளை வேட்டியில் சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

வினை மகள் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பக்கத்து ஊர்ச் சபையில் உபதேசியார். பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒருநாள் பஸ்ஸில் ஏறியவர், வழி விடாத டிராக்டர்காரன் ஒருவனுடைய ஏழு தலைமுறையையும் அண்ணாச்சி விசாரித்ததைக் காதாரக் கேட்டுவிட்டார். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து காலம் நாற்பது நாளும் வாயிலிருந்து ஒரு வசவு வரக்கூடாது, வந்தால் சம்பந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டார். எந்த நாள் வேண்டுமானாலும் பஸ்ஸில் ஏறிச் சோதிப்பாராம்.

மகளோ கட்டினால் அந்தப் பையனைத்தான் என்கிறாள். அண்ணாச்சி பாதிரியாரிடம் ஓடினார். வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்த இயேசுவிடம் சாத்தான் மூன்று தடவை வந்தான், மூன்று தடவையும் அவர் வேத வசனத்தாலேயே விரட்டினார், நீரும் அப்படியே செய்யும் என்றார் பாதிரியார். அண்ணாச்சி அந்த மூன்றையும் மனப்பாடம் செய்தார். அதற்கு மேல் தலையில் ஏறவில்லை.

மூன்று வசனத்தை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியுமா? ஓட்டினாரே! லெந்து தொடங்கும் சாம்பல் புதன் காலையிலேயே ஒருவர், மீசை முளைத்த மகனுக்கு அரை டிக்கெட் கேட்டார். அண்ணாச்சி விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, மனுஷன் அப்பத்தால் மட்டும் பிழைப்பதில்லை என்கிற வசனத்தை அவர் முகத்துக்கு நேரே முழுசாகச் சொன்னார். அவர் அரண்டுபோய் முழு டிக்கெட்டே வாங்கிக்கொண்டார். படியில் தொங்கும் காலேஜ் பையன்களுக்கு, கோபுரத்து உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சாத்தானுக்குக் கிடைத்த பதில்: கர்த்தரைப் பரீட்சை பாராதே. அந்த ஒன்றாவது பொருந்தியது. உள்ளே நகராமல் நிற்பவர்களுக்கெல்லாம் மூன்றாவதுதான்: "அப்பாலே போ சாத்தானே!"

மிளகாய் வியாபாரி ஒருவர், தன்னைச் சாத்தான் என்றதாக உபதேசியாரிடமே புகார் கொண்டுபோனார். அது வசவா வசனமா என்று உபதேசியார் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் வசனம்தான் என்று தீர்ப்புச் சொன்னாலும் அவர் முகம் தெளியவில்லை.

இதற்குள் பஸ்ஸுக்கே மூன்றும் பாடமாகிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசிவரும் ஹெட் கிளார்க் பிள்ளைவாள், கருவாட்டுக் கூடைக்காரம்மா, நான், யாரும் பாக்கியில்லை. அண்ணாச்சி திணறினால் முதல் வார்த்தையை நாங்கள் எடுத்துக் கொடுப்போம். அவர் மகள் கல்யாணம் எங்கள் வீட்டுக் கல்யாணமாகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, கடைசி நாள். பஸ் பிதுங்குகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் உபதேசியார் ஏறினார். தோளில் ஒரு பலாப்பழம். ஏறியவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அண்ணாச்சி மூன்று தடவை பவ்யமாக உள்ளே வரச் சொன்னார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவனுக்கு உள்ளே என்ன வேலை என்றார் உபதேசியார். டிரைவர் பிரேக் போட்டார். பலாப்பழம் நேராக அண்ணாச்சியின் கால் பெருவிரலில் இறங்கியது.

அண்ணாச்சிக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. நாற்பது நாள் சரக்கும் தொண்டைக்கு வந்து நிற்பது தெரிந்தது. வாயைத் திறந்தார். போச்சு, அந்தப் பெண்ணின் வாழ்க்கை போச்சு என்று நினைத்தேன். அவர் வாயிலிருந்து எதுவும் விழுவதற்குள் மொத்த பஸ்ஸும் முந்திக்கொண்டு கத்தியது.

"அப்பாலே போ சாத்தானே!"

பிள்ளைவாளின் குரல்தான் பெரிது. யாரைப் பார்த்துச் சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

உபதேசியார் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு, பைய உள்ளே நகர்ந்து, கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இருவது வருசமா ஊழியம் செய்யுதேன்," என்றார். "எஞ் சபையில ஒரு நாளும் எல்லாரும் சேந்து இப்படி வசனம் சொன்னதில்ல. நிச்சயத்துக்கு நாள் குறியும்வே."

அண்ணாச்சி பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாதி வலி, பாதி சந்தோஷம்.

திங்கட்கிழமை பஸ் ஏறினோம். அண்ணாச்சி மரியாதையாக டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு என்னவோ போலிருந்தது. நான் வேண்டுமென்றே வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். கிட்டே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே சவத்து மூதி, கல்யாணத்துல மொத பந்தியில நீ இருக்கணும். இப்பம் உள்ள போ."

அந்த ஒரு வார்த்தைக்கு நாற்பது நாளாக ஏங்கிப் போயிருந்தேன் என்பது உள்ளே நகரும்போதுதான் தெரிந்தது.