ஈயம் அண்ணாச்சி கழற்றிய கிட்டார்

தென்காசி வட்டாரத்தில் ஸ்க்ரூ போட்டு மூடிய எந்தப் பொருளும் ஈயம் அண்ணாச்சி கண்ணில் பட்டுத் தப்பியதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் காபி குடித்து முடிப்பதற்குள் அவருடைய ஸ்கூட்டர் ஹாரனைக் கழற்றி, "சத்தமா வே இது? கிழட்டு ஆடு கத்துத மாதிரில்லா இருக்கு" என்று லாரி ஹாரனை மாட்டி அனுப்பினார். மற்ற வீடுகளில் ஆட்கள் அலறியடித்துக்கொண்டு வாசலுக்கே வந்து பத்திரிகை வாங்கினார்களாம்.

மோட்டார், மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்ப்பார். கையில் எப்போதும் வயர் பற்றவைக்கும் ஈயச் சுருள் இருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்.

நான் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். குழுவை நடத்திய மாஸ்டர் கீபோர்டு வாசிப்பார். ஒவ்வொரு கச்சேரியிலும் மூன்றாவது பாட்டில் எழுந்து வந்து, என் கிட்டாரின் வால்யூம் குமிழைத் தன் கையாலேயே குறைத்துவிட்டுப் போவார். ஏன் என்று கேட்டேன்.

"பொம்பளப் பிள்ள கிட்டார மாட்டிட்டு நிக்குதுன்னு பார்க்கத்தாம்மா கூட்டம் வருது. கேக்குததுக்கு நாங்க இருக்கோம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு பெண்ணை பேஸ் வாசிக்கவிட வேறு குழு கிடையாது. அடுத்த கச்சேரிக்கும் போனேன்.

ஒருநாள் அந்தக் குமிழ் கரகரக்க, அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

"ஏட்டி, நாலு குமிழ்ல இது மட்டும் ஏன் இப்பிடித் தேஞ்சு கிடக்கு?"

சொன்னேன். அடுத்த நிமிடம் கிட்டாரின் பின்மூடி தரையில் கிடந்தது. உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரியும், அதில் ஓடும், கிட்டார் ஒலியைக் கூட்டித்தரும் தீப்பெட்டி அளவு ப்ரீஆம்ப்பும்.

"அண்ணாச்சி, வாரண்டி போயிரும்!"

"வாரண்டி கம்பெனிக்காரன் கவலை. ஒனக்குச் சத்தம் வேணுமா, வேண்டாமா?"

வால்யூம் குமிழின் மூன்று வயரையும் கழற்றி, பக்கத்திலிருந்த, கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழில் பற்றவைத்தார்; இனி சத்தம் அதில்தான். ட்ரெபிளை ஒரே அளவில் நிற்கும்படி ஒரு ரெசிஸ்டரால் கட்டிப்போட்டார். பழைய வால்யூம் குமிழ் எதோடும் சேராமல் வெறுமனே சுற்றியது.

"இனி அவரு நல்லாத் திருகட்டும்" என்று மூடியை மாட்டினார். ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

அடுத்த கச்சேரியில் மாஸ்டர் வந்தார், திருகினார், தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்பத்தான் அளவா இருக்கு" என்றார்! ஆறு கச்சேரி இப்படியே போயிற்று. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது.

ஏழாவது, ஐந்தருவிப் பக்கம் சீசன் கடைக்காரர்கள் வைத்தது. சாரலில் நனைந்தபடி முன்வரிசையில் அண்ணாச்சி. மாஸ்டர் எழுந்து வந்து குமிழில் கைவைத்ததும் மனிதருக்குப் பொறுக்கவில்லை, நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"எவ்வளவு வேணும்னாலும் திருகும்வே! அதுல வயரே இல்ல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் என் காதருகே பல்லைக் கடித்தார்: "பழையபடி மாத்திட்டு வாரதுன்னா வா. இல்லன்னா இன்னிக்கோட சரி."

அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகி, அடுத்த பாட்டை நானே ஆரம்பித்தேன். டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார். மாஸ்டர் வேறு வழியில்லாமல் ஓடிப்போய்க் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். கடைசிப் பாட்டு வரை என் கிட்டார் பக்கம் அவர் கை வரவில்லை.

மறுநாள் முதல் நான் குழுவில் இல்லை. அதுவரை அண்ணாச்சியிடம் பழுதுக்கு வந்துகொண்டிருந்த மாஸ்டரின் ஆம்ப்ளிஃபயர்களும் வேறு கடைக்குப் போயின. அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

"என்னால ஒங்க வேலையும் போச்சே அண்ணாச்சி."

"போனாப் போவுது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாட்டி?"

"கேட்டுச்சு. அங்கன சிப்ஸ் கடை போட்டிருந்தவரு வந்து சொன்னாரு."

"பொறவென்ன?" என்று யாருடைய மிக்ஸியையோ கழற்ற ஆரம்பித்தார்.

ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு, இப்போது வேறு குழுவில் வாசிக்கிறேன். இது பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டவர்கள் ஊரில் ஏராளம். என் வாசிப்பு கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.