எனக்கு வந்தது டைபாய்டு அல்ல

விளையாட்டு ரசிகர்களைப் பற்றி உலகம் சொல்லும் குற்றச்சாட்டுகள் அனைத்தும் உண்மை. பதினோரு பேர் எங்கோ ஒரு நாட்டில் வெயிலில் நின்று ஆடுவதற்காக இங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டால் விக்கெட் விழாது என்று மனமார நம்புகிறவர்கள். இதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. ஆனால் என் தலைமுடியைப் பற்றிச் எங்கள் சித்தூர்க் கிறிஸ்தவ சபையில் உலவும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியை நானே எழுதிவிடுவது நல்லது.

அப்போது நான் திருப்பதியில் விடுதியில் தங்கித் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. முதல் வரிசையில் உட்கார்ந்து, பெயர் அழைக்கப்பட்டதும் பதில் சொல்லி, அதன்பிறகும் வரவில்லை என்று குறிக்கப்பட்டவள் நான். (எழுந்து முறையிட்டிருக்கலாம். அதற்கும் குரல் வேண்டுமே.)

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதற்கு மரக்கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டின் சாவி வார்டன் அம்மாவின் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தச் சாவி இடுப்பை விட்டு இறங்கும். அப்படி இறங்கிய ஒரு ஞாயிறன்று இந்திய அணி ஓர் ஒருநாள் போட்டியில் தோற்றுக்கொண்டிருந்தது. எட்டு விக்கெட் போய்விட்டது. இருபத்துச் சொச்சம் ஓட்டங்கள் தேவை. அந்த நேரம் பார்த்துப் படம் போயிற்று. திரையில் முதலில் எறும்புக் கூட்டம் ஊர்ந்தது. பிறகு தடங்கலுக்கு வருந்துவதாக ஒரு பலகை வந்து அசையாமல் நின்றது.

ரசிகராக இருப்பதன் துன்பம் என்னவென்று அந்தப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டக்காரரிடம் மட்டை இருக்கிறது, எதிரணியிடம் பந்து இருக்கிறது. நம்மிடம் ஒன்றுமில்லை. எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்படுகிறவருக்கு அந்த ஆட்டத்தில் ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை.

என் அறைத்தோழி சுகுணாவுக்கு இந்த அநீதி பொறுக்கவில்லை. அவள் வெதுருகுப்பத்துக்காரி. பாதி வாக்கியம் தமிழிலும் மீதி தெலுங்கிலும் போகும். இரண்டிலும் சத்தம் ஒன்றுதான்.

“ஏமே, எல்லாரும் இப்டி குந்திக்கினு இருந்தா ஆவுமா? ஆளுக்கு ஒண்ணு மொக்கிக்கோங்க டீ!” என்றாள். மொக்கு என்றால் அங்கே வேண்டுதல்.

ஒருத்தி ஒரு மாதம் இனிப்பு துன்னமாட்டேன் என்றாள். இன்னொருத்தி தேங்காய் உடைப்பதாகச் சொன்னாள். சுகுணா நடந்தே மலையேறுவதாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மெர்சி, நீ?”

“மொட்டை” என்றேன்.

கூட்டத்தின் நடுவே நான் தெளிவாக உச்சரித்த முதல் சொல் அதுதான். வார்டன் அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார்.

படம் திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. நம்மவர்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த இருபத்துச் சொச்சம் ஓட்டங்களை யார், எப்படி எடுத்தார்கள் என்பதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே அவற்றுக்கு என் தலையைத் தவிர வேறு விளக்கம் எங்களிடம் இல்லை.

மறுநாள் காலை சுகுணா என்னை விடுவிக்க முயன்றாள். “நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உனுக்கு மொக்கு கிக்கு எல்லாம் செல்லாது. விட்டுடு.”

“நான் எந்தச் சாமி பேரும் சொல்லல. மொட்டைன்னு சொன்னேன். டீம் ஜெயிச்சிச்சு. அவங்க வேலைய அவங்க முடிச்சிட்டாங்க.”

“அதுக்கு? அவுங்க வந்து உன் தலையத் தடவிப் பாக்கப் போறாங்களா?”

அவர்கள் பார்க்கமாட்டார்கள் என்பதனால்தான் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. (பழைய அரசர்கள் போருக்கு முன் வஞ்சினம் கூறிய பாடல்களை அந்தப் பருவத்தில்தான் பாடமாக வைத்திருந்தார்கள். இளம் மனங்களுக்கு அவை எவ்வளவு ஆபத்தானவை என்பதைப் பாடத்திட்டக் குழுவினர் யோசித்ததாகத் தெரியவில்லை.)

பெண்ணுக்கு எதற்கு இந்தப் பைத்தியம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆணுக்கு எதற்கு என்று அவர்கள் கேட்டுப் பார்த்ததில்லை. எங்கள் சபையில் ஆண்டுதோறும் வாலிபர் கூட்டம் நடக்கும். வாழ்க்கையில் மனிதனைத் தூக்கி நிறுத்துவது எது என்று வெளியூர்ப் பேச்சாளர்கள் விளக்குவார்கள். எந்தப் பேச்சும் செய்யாததை எனக்குப் பத்தாவதாக இறங்கும் ஆட்டக்காரர் செய்திருக்கிறார். அவருக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்பது உலகத்துக்கே தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் கையுறையை மாட்டிக்கொண்டு, ஏதோ திட்டம் வைத்திருப்பவரைப் போல நடந்து வருகிறார். விடியற்காலையில் இலக்கணப் புத்தகத்தைத் திறக்கும்போது நான் நினைத்துக்கொள்வது அந்த நடையை. அந்த நடைக்கு ஒரு தலை நிறைய முடி அதிகமில்லை.

இனி, ஏன் மலைக்குப் போனேன் என்பது. இது சமய மாற்றம் என்று பிற்பாடு பேசியவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த முடிதிருத்தும் கடையிலும் பெண்ணைப் படியேற விடமாட்டார்கள். ஏன், எதற்கு, வீட்டில் யார் என்று கேட்காமல் ஒரு பெண்ணின் தலையை மழித்துவிடும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது, அதுவும் தலைக்கு மேலேயே இருந்தது.

சுகுணாவுக்கும் மலையேறும் கடன் இருந்ததால், அலிபிரியிலிருந்து இருவரும் படியேறினோம். சுற்றிலும் எல்லாரும் கோவிந்தா போட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அது கொள்கையினால் என்று சுகுணா நினைத்தாள். மூச்சு வாங்கியதால் என்பதே உண்மை.

மேலே மழிக்கும் கூடத்தில், நீரைத் தலையில் தெளித்தபடியே நாவிதர் கேட்டார்: “மூடு கத்தெரலா, குண்டா?” பெண்கள் விரும்பினால் கத்தரியால் மூன்றே வெட்டு வெட்டிக்கொண்டு எழுந்துவிடலாம், இல்லையேல் முழு மொட்டை.

சுகுணா என் விலாவில் இடித்தாள். “மூணு வெட்டு போதும்னு சொல்லு டீ. அதுவும் கணக்குதான்.”

மூன்று வெட்டு என்று நான் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லியிருக்கவில்லை. “குண்டு” என்றேன்.

எல்லாம் முடிந்து, பூசிய சந்தனத்தைக் குழாயில் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகே அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. நியாயமாகச் சொன்னால், சனிக்கிழமை கல்யாணம் என்பது முன்பே நினைவில் இருந்தது. அதற்குத்தானே விடுமுறை வாங்கியிருந்தேன். நான்தான் மணப்பெண் தோழி என்பதும் நினைவில் இருந்தது. அதற்கெல்லாம் முடி தேவைப்படும் என்பதுதான் நினைவில் இல்லை.

கதவைத் திறந்த அம்மா, தலைப்பு நழுவியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏசப்பா! இன்னா டீ இது? யார் டீ பண்ணாங்க?”

“நானேதான். மேட்ச் ஜெயிச்சிச்சும்மா.”

என் அப்பா, அதாவது நைனா, சபைக் கமிட்டியில் செயலாளர். அவர் என் தலையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “கமிட்டிக்கு நான் இன்னான்னு சொல்றது?” என்று மட்டும் கேட்டார்.

“டைபாய்டுன்னு சொல்லுங்க. ஜுரத்துல முடி கொட்டிச்சி, மழிச்சிட்டோம்னு சொல்லுங்க” என்றாள் அம்மா. அந்த நோய் அந்த நொடியில் எனக்கு வந்தது.

கிரேஸ் அக்கா உள்ளிருந்து வந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே நிறத்தில் எடுத்த பட்டுப்புடவைகள் கட்டிலில் கிடந்தன. அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். சிறு வயதிலிருந்து ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். சனிக்கிழமைக்கு மேல் அவள் வேலூர்க்காரி. ஆலயத்தில் அவளுக்கு இடப்பக்கம் நிற்பது என்பது ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட உரிமை. அந்த வாரம் முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை.

அம்மா டோப்பா தேடி ஆள் அனுப்பினாள். நாடகச் சாமான் வாடகைக்குத் தருபவரிடம் இரண்டே இருந்தன: முழங்கால் வரை தொங்கும் ஒரு ராணியின் கூந்தல், ஓர் அரக்கனின் சடை. இரண்டையும் மறுத்தேன். “எங்க அதிர்ஷ்டம், சர்ச்சுல முக்காடு போட்டுக்கினு இருக்கலாம். அதையாவது எடுக்காம இரு டீ” என்று கெஞ்சினாள் அம்மா. சரி என்றேன். முக்காடு பொய் சொல்வதில்லை; வெறுமனே மூடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் வேலூரிலிருந்து வந்து இறங்கினார்கள். வீட்டில் ஜெபம். போதகர் ஐயா மணமக்களுக்காக ஜெபித்தார், இரு குடும்பங்களுக்காக ஜெபித்தார், பிறகு குரலை உருக்கமாக்கினார்.

“டைபாய்டு என்னும் கொடிய நோயால் பலவீனப்பட்டிருக்கிற எங்கள் மகள் மெர்சியை…”

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தேன். எல்லாரும் கண்மூடியிருந்தார்கள், ஒருவரைத் தவிர. மாப்பிள்ளையின் பெரியம்மா. வேலூரில் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்தார். “எத்தினி நாள் ஜுரம்?”

“பத்து நாளு” என்றாள் அம்மா.

“இன்னா மாத்திரை குடுத்தாங்க?”

“வெள்ள மாத்திரைங்க.”

“ஜுரம் விட்டு எத்தினி நாள் ஆவுது?”

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா மேற்கூரையைப் பார்த்தார். “நேத்துதாங்க” என்றாள் அம்மா.

பெரியம்மா எழுந்துவிட்டார். “நேத்தா? இன்னாம்மா சம்பந்தி, தெரிஞ்சவங்க மாதிரி பேசுங்க. இது தொத்து நோய். இந்தப் பொண்ணு நாளைக்கி மணப்பொண்ணு பக்கத்துல நிக்கவே கூடாது. தண்ணி சொம்பு, பூ, எதையும் தொடக் கூடாது. எங்க பக்கத்துல ஒரு பொண்ணு கீது, அது நிக்கட்டும்.”

வேலூர்ப் பக்கத்திலிருந்து நீளமான பின்னலோடு ஒரு பெண் தயாராக எழுந்தே நின்றாள். கிரேஸ் அக்கா அந்த வாரத்தில் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

எட்டு விக்கெட் போய்விட்டது என்பது எனக்குப் புரிந்தது.

நான் எழுந்து முக்காட்டை எடுத்தேன். “எனக்கு டைபாய்டு இல்ல, அத்தை. மேட்ச் ஜெயிச்சிச்சு. ஜெயிச்சா மொட்டை அடிச்சிக்கிறேன்னு சொல்லியிருந்தேன். அடிச்சிக்கினேன்.”

வீட்டில் இருந்தவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள், அனைவருக்கும் அது கேட்டது. முதல் வரிசையிலிருந்தே கேட்காத என் குரல் தெருவரைக்கும் போயிற்று.

போதகர் ஐயா மெதுவாகக் கேட்டார்: “மலைக்குப் போனியாம்மா?”

“போனேன் ஐயா. வேற எங்கயும் பொண்ணுங்களுக்கு அடிக்கமாட்டாங்க.”

பெரியம்மா என்னருகே வந்தார். கன்னத்தில் அறை விழும் என்று பற்களைக் கடித்துக்கொண்டேன். அவர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

“ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி கீறா” என்று சபைக்கு அறிவித்தார். “மேட்ச் பைத்தியம் எங்க வீட்லயும் நாலு பேருக்குக் கீது. அது ஒட்டாது. நிக்கட்டும்.”

“அப்ப நான் இப்ப பண்ண ஜெபம்?” என்றார் போதகர் ஐயா, மனம் நொந்து.

“வேலூர்ல டைபாய்டுக்காரங்க நெறைய பேர் கீறாங்க ஐயா. வீணாப் போவாது.”

பின்னல்காரப் பெண் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆலயத்தில் நான் இடப்பக்கம் நின்றேன், முக்காட்டோடு. வெளியே வந்து போட்டோவுக்கு நின்றபோது கிரேஸ் அக்கா உதடு அசையாமல் பேசினாள். “எடுத்துடு டீ. ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. இனிமே நீ மூடிக்கினு நின்னா எனுக்குதான் அசிங்கம்.”

எடுத்தேன். போட்டோகிராபர் முனகினார். ஃபிளாஷ் வெளிச்சம் என் தலையில் பட்டுத் திரும்பியதில் எல்லாப் படங்களிலும் மாப்பிள்ளைக்குக் கண்கள் மூடியிருக்கின்றன. அக்காவின் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தேன் என்பதற்கு அதுவே சாட்சி என்று அத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

பாடகர் குழுவின் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த என்னைச் சபை மூன்று மாதம் நிறுத்திவைத்தது. மலைக்குப் போனதற்காகவா, போதகர் முன்னால் குரல் உயர்த்தியதற்காகவா என்று கேட்டேன். இரண்டுக்கும் சேர்த்து என்றார்கள். எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும்படி கேட்டேன். இன்னும் இரண்டு மாதம் கூட்டினார்கள்.

இப்போது எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சி வந்துவிட்டது. பூட்டு இல்லை. நம்மவர்கள் தடுமாறத் தொடங்கினால் நைனா, “இந்த வருஷம் நம்ம சொந்தத்துல கல்யாணம் எதுவும் இல்லியே?” என்று கேட்டுக்கொள்கிறார். ஆறாவது விக்கெட் விழுந்ததும் அம்மா ஸ்கோர் என்னவென்றுகூடக் கேட்பதில்லை. வேலையைப் போட்டுவிட்டு நேராக வந்து என் வாயைப் பொத்துகிறாள். முடி இப்போதுதான் தோளைத் தொட்டிருக்கிறது, ஆகவே நானும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். எட்டாவதும் விழுந்தால் என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. அம்மாவின் விரல்களுக்கு நடுவிலும் பேசமுடியும் என்பதைச் சென்ற வாரமே சோதித்துப் பார்த்துவிட்டேன்.