கோமளா செய்த முட்டைக் காவல் கருவி

ஒரு காட்டில், அதுவும் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கிற காட்டில், கோமளா என்றொரு காட்டுக்கோழி இருந்தாள். போன தடவை அவள் இரை தேடப் போன நேரம் பார்த்து, வீரமுத்து என்ற உடும்பு முட்டைகளை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டான். இந்தத் தடவை ஒரு குஞ்சையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஏக்கம். வேறு கோழியாக இருந்தால் புதரை மாற்றியிருக்கும். கோமளா விவரமானவளாயிற்றே, கருவிகளை ஆட்டிவைக்கும் குட்டிச் சில்லான மைக்ரோகன்ட்ரோலர் பற்றிய வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பு எடுத்தவர் மரங்கொத்தி குமரேசன் சார். முதல் பாடம், ஒரு குட்டி எல்இடி விளக்கை மினுக்க வைப்பது. விளக்கு மினுங்கியதும் முயல்கள் கைதட்டின. நரி அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டு, அன்றைக்கே தன் பெயரோடு 'இன்ஜினியர்' என்று சேர்த்துக்கொண்டது. கோமளாவின் விளக்கு மட்டும் எரியவில்லை.

"கரண்டே வரலை போல சார்."

"விளக்கோட காலை மாத்திச் சொருகியிருக்கியேம்மா. நீளமான கால் பிளஸ்ல போகணும்."

மாற்றிச் சொருகினாள், எரிந்தது. அப்போது வந்த பெருமை, சத்தியமாக, முட்டை இட்டபோதுகூட அவளுக்கு வந்ததில்லை.

பிறகு கூட்டில் கருவியைப் பொருத்தினாள். யாராவது கிட்டே வந்தால் கண்டுபிடிக்க ஒரு சென்சார், கத்துவதற்கு ஒரு பஸ்ஸர். புரோகிராமை எல்லோரையும் போல சாரிடமிருந்து அப்படியே காப்பி அடித்தாள். நிம்மதியாக முட்டைமேல் உட்கார்ந்தாள். பஸ்ஸர் காடே அதிரக் கத்தியது. எழுந்தாள், நின்றது. மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி கத்தியது. சென்சாருக்குக் கோழியும் ஒன்றுதான், உடும்பும் ஒன்றுதான்.

சாருக்குப் போன் போட்டாள்.

"கருவி நல்லாத்தானே வேலை செய்யுது? நீ ஏம்மா அது முன்னாடி போய் உட்கார்றே?"

"அடைகாக்கணுமே சார்."

"அதெல்லாம் டெஸ்டிங் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கோமளா கூட்டைவிட்டு இறங்கி, எதிர்மரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டாள். அங்கே முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. இங்கே இவள் சென்சாரின் தூரத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தாள். புதருக்குள்ளிருந்து பார்த்த வீரமுத்துவால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கொத்துவதற்கு ஆளில்லாத கூட்டுக்குள் சாவகாசமாக நுழைந்தான்.

பஸ்ஸர் அலறியது.

"வேலை செய்யுது! சார், வேலை செய்யுது!" என்று கோமளா துள்ளினாள்.

வகுப்பே திரண்டு ஓடி வந்தது. எந்த வயரை எங்கே சொருகியிருக்கிறாள் என்று முயல்கள் எட்டி எட்டிப் பார்த்தன. பஸ்ஸருக்கு ரெசிஸ்டர் வேண்டுமா வேண்டாமா என்று அணில்களுக்குள் கைகலப்பு. நரி செல்ஃபி எடுத்தது. "நல்லாப் பாத்துக்குங்க, இதான் லைவ் டெமோ," என்றார் சார்.

எல்லோரும் பார்த்து முடித்தபோது வீரமுத்துவும் முடித்திருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி தங்கச்சி. நிம்மதியா சாப்பிட முடியலை."

"சாரி அண்ணே, அடுத்த வெர்ஷன்ல குறைச்சுடறேன்," என்றாள் கோமளா.

வகுப்பின் முதல் பரிசு அவளுக்குத்தான். சான்றிதழைக் கொடுத்துவிட்டு சார் அடுத்த வகுப்புக்குக் கிளம்பினார், கூட்டம் கலைந்தது. கோமளா சிரித்த முகத்தோடு கூட்டில் ஏறினாள். உள்ளே வெறும் ஓட்டுத் துண்டுகள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாய்விட்டு அழுதாள், ஓயாமல் அழுதாள்.

மரத்தின் மேலிருந்து சார் குரல் கொடுத்தார்:

"யாரும்மா அது? அந்த பஸ்ஸரை ஆஃப் பண்ணு, கிளாஸ் நடக்குதில்ல?"

நீதி: திருடன் ஒத்துழைக்காமல் எந்த அலாரமும் பரீட்சையில் தேறாது. ஆகவே உடும்புகளை மரியாதையோடு நடத்துக.