சிரித்தமுகப் பொத்தான்

அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற மக்கள் மனத்திருப்தியோடு திரும்ப வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. நல்ல முடிவு. யாரும் குறை சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்க ஆள் கிடையாது.

கடலோரத்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு (ஊர்ப் பேர் எதுக்கு, வம்பு!) ஒரு பெட்டி வந்தது. அதில் மூன்று பொத்தான்: சிரிக்கிற முகம், உம்மென்ற முகம், அழுகிற முகம். கூடவே ஒரு சுற்றறிக்கை: ‘நோயாளர்தம் மனநிறைவைப் பொறுத்தே இனி நிதியும் கருவிகளும் வழங்கப்படும்.’

எங்களுக்கு வேண்டியது எக்ஸ்ரே மெஷின். இருந்த மெஷின் படுத்துவிட்டது. எலும்பு வார்டில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியும் படுத்திருந்தார். உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்திருந்தது. படம் எடுக்காமல் கட்டுப் போட முடியாது. தனியாரிலோ படம் மட்டும் எடுத்து அனுப்ப மாட்டான், ஆளைப் படுக்க வைத்துவிட்டு வீட்டை எழுதிக் கேட்பான்.

முதல் நாள் எல்லாரும் அழுதமுகத்தை அமுக்கிவிட்டார்கள். பெரிய டாக்டர் ஜேசுபாதம் பதறிப்போய் விசாரணைக் குழு அமைத்தார். அவரே தலைவர், அவரே உறுப்பினர். நோயாளிகள் அழுவதற்குக் காரணம் நோய்தான் என்று குழு கண்டுபிடித்தது. வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டுமே சிரிக்கிறார்கள் என்றும் கண்டது. உடனே பெட்டி வாசல் கேட்டுக்குப் போனது.

ஆனால் தினமும் வீட்டுக்குப் போக எத்தனை பேர் தேறுவார்கள்? எனவே சாயங்காலம் எல்லாரையும் டிஸ்சார்ஜ் செய்து, பொத்தானை அமுக்கியதும் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று.

“ஒடிஞ்ச கால் அப்படியே கிடக்கு, டிஸ்சார்ஜுங்கியளே டாக்டரய்யா!” என்றாள் அண்ணாச்சியின் சம்சாரம் இசக்கிச்செல்வி.

“கேட் வரைக்கும்தாம்மா. சிரிச்சாத்தான் மெஷின் வரும்.”

அவள் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, கல்யாண போட்டோவுலதான் சிரிக்கல, இதுக்காவது சிரிச்சுத் தொலைங்களேன்!”

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். தினமும் சிரித்தார். ஆஸ்பத்திரி நூற்றுக்கு நூறு வாங்கியது. வார்டு வார்டாக மக்ரூன் இனிப்பு கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து பதிலும் வந்தது:

‘தங்கள் மருத்துவமனையில் மனநிறைவு முழுமை எய்தியமை கண்டு பேருவகை கொள்கிறோம். குறையே இல்லாத இடத்துக்குக் கருவி தேவைப்படாது ஆகையால், எக்ஸ்ரே மெஷின் அதிகம் அழுகிற பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது. தங்களுக்குக் கேடயம் வரும்.’

“கேடயத்த வச்சுக் காலைப் படம் எடுப்பியளா?” என்றாள் இசக்கிச்செல்வி.

டாக்டர் பாவம், நல்ல மனுசன். பக்கத்து ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்கு அவரே போன் போட்டார்.

அங்கே எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்ததும் தெரிந்தது மெஷின். மேலே சுற்றிய பாலிதீன்கூடக் கிழிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அண்ணாச்சி சிரித்துவிட்டார். பெட்டிக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு.

“யாருய்யா அது சிரிக்கது?” என்று ஓடி வந்தார் நர்ஸ் ஈவாஞ்சலின். “நாங்க அழுது அழுது வாங்கின மெஷின்! ஒரு ஆளு சிரிச்சான்னு மேல தெரிஞ்சாப் போதும், கழட்டிட்டுப் போயிருவாவ. கொண்டு போங்க இவர!”

“கால் ஒடிஞ்ச ஆளு சிஸ்டர்!” என்றாள் இசக்கிச்செல்வி.

“கால் ஒடிஞ்சவருக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?”

அண்ணாச்சி அழத்தான் பார்த்தார். பழகின வாய், சிரிப்பாகவே வந்தது. இசக்கிச்செல்வி நர்ஸைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். “என்னைய மன்னிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு, ஒடிந்த இடத்தில் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

அவர் போட்ட கூப்பாட்டில் ஆஸ்பத்திரியே எழுந்து நின்றது. அவளுக்கும் கண்ணீர் கொட்டியது.

“ஆங், இது சரி” என்று நர்ஸ் வழிவிட்டார். “உள்ள கொண்டு வாங்க.”

பின்னால் வரிசையில் நின்ற சொந்தக்காரர்கள் இதையெல்லாம் கவனமாகப் பார்த்தார்கள். பிறகு அவரவர் நோயாளி பக்கம் மெதுவாகத் திரும்பினார்கள்.