இரு தரப்புச் சட்டம்

வரைபடம் வரைகிறவர்கள் கை ஓய்ந்து பேனாவை மூடி வைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மன்னர் ஆளும் வெண்பரப்பு என்றொரு நாடு இருந்தது. அதன் தென்கோடி மாகாணம் தாழைமேடு. தொலைக்காட்சியில் தினமும் விவாதம் நடத்திவந்த அறவாழியை அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு மாகாணத் தலைவராக்கினார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் அவர். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட அவர் எந்தப் பக்கமும் சாய்ந்ததில்லை. அவரை விட்டால் வேறு யார்?

பதவியேற்றதும் அறவாழி அரண்மனை மண்டபத்தில் மூன்று நாற்காலிகளையும் கேமராவையும் விளக்குகளையும் கொண்டுவந்து வைத்தார். முதல் ஆணை பிறந்தது: எதிர்த்தரப்பு இல்லாமல் எந்த முறையீடும் கேட்கப்படாது. காய்ச்சலென்று மருத்துவமனைக்குப் போனவர்கள், அது காய்ச்சலே இல்லை என்று வாதாட ஓர் ஆளையும் கூலிக்குக் கூட்டிப்போனார்கள். கூலி கட்டுப்படியாகவில்லை என்று மக்கள் அழுததால் இரண்டாம் ஆணை வந்தது: கூலியை அரசே தரும், அதற்காக மருந்துச் செலவு குறைக்கப்படும். மருந்தில்லாத மருத்துவமனைக்கு யாரும் வரவில்லை.

"மாகாணத்தின் ஆரோக்கியம் மேம்பட்டிருக்கிறது, ஐயா," என்றார் தலைமைச் செயலர். அறவாழிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஐப்பசியில் பெரிய ஏரியின் கரை கசிந்தது. கரைக்குக் கீழ்த்தெருவில் குடியிருந்த அவருடைய தங்கை செண்பகவல்லி நனைந்த புடவையோடு மண்டபத்துக்குள் வந்தாள்.

"அண்ணே, கரை ஊறுது. மதகைத் தொறக்கச் சொல்லு. இன்னொரு மழை புடிச்சா எங்க தெருவே போயிரும்."

"உக்காரு. எதிர்த்தரப்பு வரட்டும்."

"தண்ணிக்கு என்னண்ணே எதிர்த்தரப்பு?"

கரையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் பொன்னுரங்கம் எதிர் நாற்காலியில் வந்து அமர்ந்தார். அவருடைய புது மாளிகை மதகுக்கு நேர் எதிரே வாய்க்காலை மறித்துக்கொண்டு நின்றது.

"இது கசிவு இல்லைங்க. கரை மூச்சு விடுது. மூச்சு விடுற கரைக்கு ஆயுசு ஜாஸ்தி."

அறவாழி தங்கையின் ஈரப் புடவையைப் பார்த்தார். தங்கையின் பெண்குழந்தைகள் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். ஆனால் தங்கைக்காகச் சாய்ந்துவிட்டார் என்று நாளைக்கு ஊர் பேசாதா?

"இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது," என்றார். "ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம்."

இடைவேளை முடிந்தபோது செண்பகவல்லியைக் காணோம். அவளும் தெருக்காரர்களும் கடப்பாரையோடு போய் மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதற்குள் கரை கசிந்து வீடுகளுக்குள் முழங்காலளவு வந்திருந்த தண்ணீர் மேலே ஏறாமல் நின்றது. பொன்னுரங்கத்தின் மதில் சரிந்தது. கரை தப்பியது.

"பாத்தீங்களா? கரை ஒடையவே இல்லையே!" என்று முழங்கினார் பொன்னுரங்கம். விவாதத்தில் அவரே வென்றதாக அறிவிக்கப்பட்டது. மன்னர் அவரைத் தலைநகருக்கு அழைத்து ஏரிகள் துறையைக் கொடுத்தார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் மதகைத் திறந்த குற்றத்துக்காகச் செண்பகவல்லி மண்டபத்தில் நிறுத்தப்பட்டாள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பக்கம் கீழ்த்தெரு முழுக்க வந்து நின்றது. கூலிக்கு எதிர்வாதம் பேசுகிறவர்களும் அங்கேதான் நின்றார்கள். நனைந்தது அவர்களுடைய பாயும்தான். எதிர்ப்பக்கம் ஆளே இல்லை.

"தள்ளி வைத்துவிடலாமா?" என்று அறவாழி தலைமைச் செயலரிடம் கிசுகிசுத்தார்.

"சட்டம் இடம் தராது, ஐயா. எதிர்த்தரப்பு இல்லையேல் விசாரணை இல்லை. விசாரணை இல்லையேல் இவர் குற்றமற்றவர். பிறகு ஆளாளுக்கு மதகைத் திறப்பார்கள். தாங்களே எதிரே அமர்ந்தால்தான் உண்டு."

செண்பகவல்லி எதிர் நாற்காலியை முந்தானையால் துடைத்தாள்.

"வாண்ணே, வந்து உக்காரு. அங்க மட்டும்தான் எடமிருக்கு."

அறவாழி எழுந்தார். எந்தப் பக்கம் காலெடுத்து வைப்பது என்று தெரியாமல் கேமராவைப் பார்த்தார்.

"ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு..."

ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்தவில்லை. அவருக்கும் வீடு கீழ்த்தெருவில்தான்.